சோத்துப் பையும் சிவப்புப் பையும்

நான் முன்பு வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு மலர் போடுகிறார்களாம். முதலுதவிப் பை எப்படித் தயார் செய்வது என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிச் சின்ன முதலாளி என் வீட்டுக்கே காரில் வந்து கேட்டார். விஸ்வநத்தத்திலிருந்து சாத்தூர் வரை என்னைத் தேடி வந்தார் என்றால், வேறு யாருக்கும் அது தெரியாது என்றுதான் அர்த்தம். நான் படித்தது ஐந்தாவது. ஆனால் இந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் போர்மேன் மாடசாமி என்று சொல்லிப் பாருங்கள், உட்கார நாற்காலி போடுவார்கள்.

எழுதச் சம்மதித்தேன். "போன வாரம் நீங்க வாங்கிப் போட்ட பையைக் காட்டுங்க" என்றேன். கம்பெனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஆணியடித்து ஒரு சிவப்பு நைலான் பை. அதற்கு இரும்பு ஜிப்பு. உள்ளே எஃகுக் கத்தரி, ஊக்கு ஒரு கொத்து, ஒரு உருண்டைப் பஞ்சு. வெடிமருந்து கலக்கிற இடத்தில் இரும்பே கூடாது. ஒன்றோடொன்று உரசினால் பொறி வரும். அதனால்தான் கரண்டி முதல் சுத்தியல் வரை மரமும் பித்தளையுமாக வைத்திருக்கிறோம். கூட்டிப் பெருக்குகிற அம்மா கூட இடுப்புச் சாவியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். உயிரைக் காப்பாற்றுகிற பைக்குள் இரும்பை அடைத்து அதை வாசலில் தொங்கவிட்டால் நான் என்ன சொல்வது?

"ஆன்லைன்ல நல்ல ரேட்டிங் அண்ணாச்சி" என்றார் சின்ன முதலாளி.

ரேட்டிங் போட்டவன் எந்த ஊரில் வெடிமருந்தை மணிமணியாக உருட்டினான் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோடு ஏற்றப் போனேன். வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டப் போனேன். பிறகு கலவை ரூம், அப்புறம் போர்மேன். யாரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. முதலுதவிப் பயிற்சிக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சீசன் நேரத்தில் எவனும் போகமாட்டேன் என்றான். நான் போனேன். சிவகாசியில் ஒரு மண்டபத்தில் ரப்பர் பொம்மையைப் படுக்கப் போட்டு நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். மற்றக் கம்பெனிகளிலிருந்து வந்த பட்டதாரிகள் கூச்சப்பட்டு நெளிந்தார்கள். நான் அமுக்கிய அமுக்கில் பொம்மை உள்ளேயிருந்து கிளிக் என்று சத்தம் போட்டது. சரியாக அமுக்கினால்தான் அந்தச் சத்தம் வரும். பயிற்சி கொடுத்தவரே கைதட்டினார்.

திரும்பி வந்ததும் நேரே ஆபீசுக்குப் போய்க் கம்பெனியின் முதலுதவிப் பெட்டியைக் கேட்டேன்.

அப்போது மேனேஜராக இருந்தவர் சங்கரலிங்கம் ஐயா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் என்ன கேட்டாலும் முதலில் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பிறகு தரையைப் பார்த்து, "பாத்துக்கிடலாம்" என்பார். மழை வந்து சரக்கு நனைந்தாலும் பாத்துக்கிடலாம், வேன் வராவிட்டாலும் பாத்துக்கிடலாம். கோபப்படுகிற மேனேஜரிடம் எனக்குப் பழக்கம் உண்டு. இவரிடம் சண்டை போடுவது பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி, குத்துகிறவன் கைதான் ஓயும்.

பெட்டி அவர் தலைக்கு மேலே சாமி படங்களுக்கு நடுவில் இருந்தது. தகரப் பெட்டி. பூட்டு போட்டிருந்தது. சாவி ஐயாவின் அரைஞாண் கயிற்றில். மூடியில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்ததில் சிலுவைக் குறியே தெரியவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இறக்குவார்கள், பொட்டு வைத்துப் பொரிகடலை படைப்பார்கள், திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

"ஐயா, தொறந்து பாக்கணும்" என்றேன்.

விரல்களைத் துடைத்தார். "நல்ல நாளும் அதுவுமா அதை எதுக்குத் தொறக்குதீக?"

அன்றைக்கு என்ன நல்ல நாள் என்று எனக்குத் தெரியவில்லை. வெறும் செவ்வாய்க்கிழமை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். பட்டாசுக் கம்பெனிக்குள் காலையில் நுழைந்ததும் நாங்கள் சில வார்த்தைகளைச் சொல்லமாட்டோம். தீ என்று சொல்லமாட்டோம். "அது" என்போம். போன வருஷம் "அது" வந்தபோது என்போம். முதலுதவிப் பெட்டியை எடுத்தால், திறந்தால், அதற்குள் ஏதாவது வாங்கி வைத்தால் "அதை" வரச்சொல்லி வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி என்று முதலாளி முதல் திரி வெட்டுகிற பெண் வரை எல்லோருக்கும் நினைப்பு. பெட்டி இருக்கவேண்டும், அதிகாரி வந்தால் காட்டவேண்டும், தொடக்கூடாது. இவர்களை வைத்துக்கொண்டு நான் வேலை பார்த்தேன்.

சரி, பெட்டி அங்கேயே சாமியோடு சாமியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பை தயார் செய்தேன். மலருக்கு வேண்டியது இதுதான், கவனமாகப் படியுங்கள்.

பைக்குள் வைக்க முடியாத பொருள்தான் முதல் பொருள்: தண்ணீர். தீப்பட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷமாவது பிடிக்கவேண்டும். ஐஸ் கூடாது. அதனால் ஒவ்வொரு ரூமுக்கும் பக்கத்தில் குழாய் வைத்த டிரம் கேட்டேன். ஐயா பாத்துக்கிடலாம் என்றார், நான் விடவில்லை, தினமும் போய் அவர் முன்னால் நின்றேன். டிரம் வந்தது. வந்த மறுநாளே அதில் தூக்குவாளி கழுவினார்கள். குழாயைத் திறந்தால் சோற்றுப் பருக்கை வருகிறது. யாரைத் திட்டுவது?

பை துணிப்பையாக இருக்கவேண்டும். நைலான் வேண்டாம், இரும்பு ஜிப்பும் வேண்டாம், நாடா போதும். உள்ளே வெள்ளைப் பருத்தி வேட்டித் துண்டுகள்: துவைத்து, கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, வேண்டிய அளவுக்கு வீட்டிலேயே வெட்டி மடித்து, தனித்தனிக் கவரில் போட்டது. முன்கூட்டியே வெட்டிவிட்டால் கத்தரி எதற்கு? ஓரத்தில் நாடா கிழித்து வைத்தால் ஊக்கு எதற்கு? கை தொங்கவிட ஒரு முக்கோணத் துணி. குடிக்கிற தண்ணீர் ஒரு பாட்டில். உப்புச் சர்க்கரைப் பொட்டலம். ஒரு பிளாஸ்டிக் விசில். ஒரு சோப்பு. பஞ்சு கூடாது, தீப்புண்ணில் ஒட்டிக்கொண்டு வராது. களிம்பு கூடாது. மாத்திரை கூடாது.

"மருந்தே இல்லாம மருந்துப் பையா?" என்று கேட்டாள் ராசம்மா. சரவெடிச் சரம் பின்னுகிற ரூமில் மூத்தவள், அச்சங்குளத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். வாய் நீளம்.

"மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு. அங்க போய்ச் சேர்ற வரைக்கும்தான் இந்தப் பை."

"பேனா மை ஒரு புட்டி வைங்கண்ணே. புண்ணுல ஊத்துனா ஜில்லுன்னு இருக்கும்."

"உன் வாயில ஊத்துதேன், ஜில்லுன்னு இருக்கும்."

மை, பற்பசை, மஞ்சள், மாவு. எதையாவது அப்பாவிட்டால் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். அப்பினதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுக்கும்போது கத்துகிற கத்தலைக் கேட்டவன் நான்.

பையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் ரூம் வாசலுக்குப் போனேன். உள்ளே இருந்த பெண்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

"காலங்காத்தால அதைக் கொண்டுக்கிட்டு இங்கன வராதீக" என்று ராசம்மா கும்பிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொண்டு போயிருங்க."

"இது வெறும் துணி."

"துணிதான். எதுக்கான துணின்னு எங்களுக்குத் தெரியாதா?"

மரத்தில் தொங்கவிட்டேன். மத்தியானம் பார்த்தால் குப்பை மேட்டுப் பக்கம் ஒரு கல்லின் மேல் இருந்தது. திரும்பத் தொங்கவிட்டேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே போய்விட்டது. யார் எடுத்தது என்று சத்தம் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

யோசித்தேன். மண்டபத்தில் யாரும் இதற்குப் பாடம் சொல்லித் தரவில்லை, என் மூளையில்தான் உதித்தது. ரூமுக்குள் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது. அதனால் எல்லோருடைய சோத்துப் பையும் வெளியே வேப்பமரத்துக் கொப்பில் வரிசையாகத் தொங்கும். அதே மாதிரி ஒரு கட்டம் போட்ட பழைய பையை வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். அதே துணி, அதே சோப்பு, எல்லாம் அதற்குள் மாறின. சோத்துப் பைகளுக்கு நடுவில் தொங்கவிட்டேன். ராசம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், "இது போர்மேன் சோத்துப் பை. யாரும் தொடாதீக."

அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் சோத்துப் பை என்று பெயர் வைத்ததும் பயம் போய்விட்டது. ஒருத்தியும் அதைத் தூக்கி எறியவில்லை. அதற்குப் பிறகு வேறு தொல்லை. லோடுமேன்கள் உப்புச் சர்க்கரையைக் கரைத்து ஜூஸ் மாதிரிக் குடித்தார்கள். சோப்பு வாரம் தவறாமல் காணாமல் போனது. வைக்க வைக்க எடுப்பார்கள், எடுக்க எடுக்க வைத்தேன். சோப்பு மட்டும் இந்தக் கையால் எம்புட்டு வாங்கிப் போட்டிருப்பேன்!

அவர்களிடம் எனக்குப் பிடிக்காத இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கேயாவது டப்பென்று ஒரு சத்தம் கேட்டால், இருந்த இடத்திலிருந்து கம்பெனி எல்லைப் புளியமரத்துக்கு ஓடவேண்டும் என்பது விதி. ஓடுவார்கள். ஆனால் ஓடுகிற வழியில் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிச் சோத்துப் பையை எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். "உசுரு பெருசா, புளிச்சோறு பெருசா?" என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றியது.

இனி முத்துமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ராசம்மாவின் ஊர்க்காரி. சரம் பின்னுவதில் அவள் விரலுக்கு ஈடு இந்தப் பக்கத்தில் கிடையாது. பின்னுகிறாளா தடவுகிறாளா என்று தெரியாது, சரம் நீண்டுகொண்டே போகும். புருஷன் செல்லப்பா எங்கள் கம்பெனியிலேயே லோடுமேன். இடுப்பில் அடிபட்டவன் என்பதால் அவனுக்குப் பாதி நாள்தான் வேலை. வீடு ஓடியது முத்துமாரியின் வலது கையால்.

அன்றைக்கு ஆள் குறைவு என்று, காயவைத்த மணி மருந்துத் தட்டுகளை மேடையிலிருந்து எடுக்க அவளையும் அனுப்பியிருந்தார்கள். மற்றத் தட்டுகளை ஏற்கெனவே எடுத்தாயிற்று. கடைசித் தட்டை அவள் தூக்காமல் இழுத்துவிட்டாள். உரசல். பெரிதாக வெடிக்கவில்லை, டப்பென்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது மேடைக்குக் கீழே உட்கார்ந்து தன் வலது கையை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். சுருட்டாதே என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன்.

புறங்கை, மணிக்கட்டு, முழங்கை வரை வெந்திருந்தது. அதன்மேல் அலுமினியப் பொடி. முதலில் என் தோளில் கிடந்த உலர்ந்த துண்டால் பொடியைத் தட்டிவிட்டேன். மருந்துப் பொடி ஒட்டியிருக்கும்போது எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது. தட்டியாயிற்று. தோளைப் பிடித்து டிரம் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து குழாயைத் திறந்தேன். அன்றைக்குப் பருக்கை வரவில்லை.

பையைத் தேடினேன். வேப்பமரத்தில் ஒரு பை கூட இல்லை. எல்லோரும் எடுத்துக்கொண்டு ஓடியிருந்தார்கள். அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வாட்ச்மேன் ஆபீசிலிருந்து தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். கீழே இறக்கினான். பூட்டு. "சாவி எங்கலே?" என்றேன். ஐயா விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். சாவி அவர் இடுப்பில் கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தது. குங்குமப் பொட்டோடு அந்தப் பெட்டி எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

அப்போது புளியமரத்திலிருந்து ராசம்மா திரும்பி வந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு பை.

"ஒண்ணு என்னோடதுண்ணே. இன்னொண்ணு கையோட வந்திருச்சு. போர்மேன் சோறுல்ல, விட்டுட்டா வர முடியும்?"

கட்டம் போட்ட பை.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் கை வீங்க ஆரம்பித்துவிட்டது. மோதிர விரலில் கோயிலில் வாங்கிய செம்பு மோதிரம். மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள், வெந்த தோலோடு இறுக்கிக்கொண்டு. வீக்கம் ஏற ஏற இவை கயிறு போலக் கட்டிவிடும், இரத்தம் போகாது, விரல் செத்துவிடும். மோதிரத்துக்குச் சோப்பைக் குழைத்தேன். விரல் நுனிப் பக்கம் வேகவில்லை, அதனால் நுரையில் மெதுவாகத் திருகித் திருகி உருவிவிட்டேன். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் வந்திருக்காது. வளையலை உருவ முடியாது, உருவினால் தோல் கூடவே வரும். உடைக்கவேண்டும்.

"வளையல உடைக்கணும், பிடிங்க" என்றேன்.

அதுவரை சத்தம் போடாத முத்துமாரி அப்போதுதான் கத்தினாள். "வேண்டாம்ணே! அந்த மனுசன் இருக்கையிலே உடைக்காதீக!"

ராசம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுமங்கலி வளையல்ணே. ஆம்பள நீங்க உடைக்கலாமா? வேற வழி பாருங்க."

"வேற வழி இல்ல. விரல் போயிரும்."

"விரல் போனாப் போகுது" என்றாள் முத்துமாரி. "அவுகளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

எந்த விரலை வைத்துச் சோறு போடுகிறாளோ அந்த விரலைப் போனால் போகட்டும் என்கிறாள். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செல்லப்பா சத்தம் கேட்டு லோடு ஏற்றுகிற இடத்திலிருந்து ஓடிவந்து பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே செல்லப்பா, நீ வா" என்றேன். "புருசன் கையால உடைச்சா ஒரு தோசமும் இல்ல. அவன் ஆயுசு கூடும். சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுது."

எந்தச் சாஸ்திரமும் அப்படிச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் நான் சொன்னதுதான் சாஸ்திரம். ராசம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, "ஆமா, எங்க ஆத்தாவும் சொல்லியிருக்கா" என்றாள். அவளுடைய ஆத்தா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

நனைத்த வேட்டித் துண்டை வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்தேன். மேலே இன்னொரு துண்டைச் சுற்றினேன். "ரெண்டு கட்டைவிரலையும் வச்சு அமுக்குலே, தெறிக்காது" என்றேன். செல்லப்பா விரலை வைப்பான், எடுப்பான். மூட்டை தூக்குகிறவன், ஒரு கண்ணாடி வளையலை அமுக்க முடியவில்லை. "அமுக்குலே!" என்று கத்தினேன். துணிக்குள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளையலாக அவனே உடைத்தான். முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டு இடது கை வளையல்களைத் தாலியோடு சேர்த்து நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் திரும்பத் தண்ணீர். ஆன மட்டும் தண்ணீர். உலர்ந்த துண்டை இறுக்காமல் சுற்றி, முக்கோணத் துணியில் கையைத் தூக்கிக் கட்டி, வேனில் ஏற்றினேன். ஒருத்தி பற்பசையோடு ஓடிவந்தாள். அவளை வேன் பக்கம் நான் வர விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வளையலையும் மோதிரத்தையும் யார் எடுத்தது?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். "எடுக்காம வந்திருந்தா விரலுக்கு நான் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது" என்றார்கள். 

மறுநாள் சங்கரலிங்கம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரல்களைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு பழைய வத்திப்பெட்டி அளவுக்குக் கட்டுத்துணி, கல்லாகிப்போன களிம்பு, பல வருஷத்துக்கு முந்தைய பொரிகடலை. பூஜை போடுகிறவர்கள் ஏதோ ஒரு வருஷம் உள்ளேயும் படைத்திருக்கிறார்கள். ஐயா தரையைப் பார்த்தார். இந்த முறை பாத்துக்கிடலாம் என்று சொல்லவில்லை. அந்த வாரமே ரூமுக்கு ஒரு கட்டம் போட்ட பை வந்தது. நான் வேலையை விட்ட பிறகு அவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருக்கின்றன.

இதையெல்லாம் சின்ன முதலாளியிடம் சொன்னேன். அவர் பையில் ஒரு நல்ல பொருள் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: சீல் வைத்த தீப்புண் கட்டுத்துணி. என் கொதிக்க வைத்த வேட்டியைவிட அது சுத்தம். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரும்பையெல்லாம் அன்றைக்கே எடுத்துவிட்டார். ஆனால் சிவப்புப் பை இருக்கட்டும் என்றார். கண்ணில் படுமாம். "ஒத்திகை வச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி, நீங்களே வந்து பாருங்க."

போனேன். சங்கு ஊதியது. எல்லோரும் புளியமரத்துக்கு ஓடினார்கள், வழியில் வேப்பமரத்துக்குத் திரும்பி, ஆளுக்கொரு சோத்துப் பையோடு. சிவப்புப் பைகள் வாசல்களில் அப்படியே தொங்கின. ஒன்றில் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"இதுக்கு என்னதான் பண்றது?" என்று சின்ன முதலாளி தலையில் கை வைத்தார். என்னிடம் கேட்டால்? நான் எத்தனை வருஷமாகத் தலையில் கை வைத்திருக்கிறேன்!

கடைசியாக முத்துமாரி வந்தாள். இப்போது சரம் பின்னுகிற ரூமுக்கு அவள்தான் மூத்தவள். தோளில் அவளுடைய சோத்துப் பை, கையில் கட்டம் போட்ட இன்னொரு பை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீகளா?" என்று சின்ன முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பையை வாங்கிப் பிரித்தேன். துண்டுகள் சரி. முக்கோணத் துணி சரி. பாட்டில் நிறையத் தண்ணீர். விசில் இருக்கிறது. அடிவரை கையை விட்டுத் துழாவினேன்.

"ஏ புள்ள, சோப்பு எங்க?"

"காலைல கை கழுவினேன்ணே. அங்கனயே வச்சுட்டேன் போல."

"எந்தக் கையை?" என்று கத்தினேன்.

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். புறங்கைத் தோல் வேறு நிறத்தில் பளபளவென்று இருக்கிறது, மணிக்கட்டில் வளையல், ஐந்து விரலையும் விரித்து மடக்கிச் சிரிக்கிறாள்.

"இந்தக் கையைத்தான்."

ஐந்தையும் ஒரு தடவை எண்ணிக்கொண்டேன். ஆனாலும் சோப்பு சோப்புதான். அவள் ஓடிப்போய் எடுத்துவந்து பைக்குள் போட்ட பிறகுதான் ரூமுக்குள் விட்டேன்.